எமிலிக்கு 26 எபிசோடு: ஒரு நாவலா, மூன்றா?

மைக்கூடு:
2007 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை என்.எச்.கே. கல்வி அலைவரிசையில் ஓடிய 'காஸே நோ ஷோஜோ எமிலி' அனிமே தொடரை எபிசோடு வாரியாக அலச வேறு இழை இருக்கிறது. இங்கே கதை அமைப்பை மட்டும் பேசுவோம்.

என் கட்சி இது: தொடரின் கோளாறு திரைக்கதையில் தொடங்கவில்லை, எபிசோடு எண்ணிக்கையை முடிவு செய்த நாளிலேயே தொடங்கிவிட்டது. கனடிய எழுத்தாளர் எல்.எம். மாண்ட்கோமரி எழுதிய எமிலி நாவல்கள் மூன்று: அப்பா இறந்தபின் நியூ மூன் பண்ணையில் அம்மா வழி உறவுகளான மரே குடும்பத்தாரிடம் வளர்ந்து எழுத்தாளராகும் ஒரு சிறுமியின் கதை. 'எமிலி ஆஃப் நியூ மூன்' (1923) 31 அத்தியாயம், 'எமிலி கிளைம்ப்ஸ்' (1925) 25, 'எமிலிஸ் குவெஸ்ட்' (1927) 27. ஆக 83. டி.எம்.எஸ். எண்டர்டெயின்மெண்ட் (நம்ம பாடகர் அல்ல, ஜப்பான் ஸ்டூடியோ) மூன்றையும் 26 எபிசோடில் அடக்கியது. முதல் பாட்டு, கடைசிப் பாட்டு, அடுத்த வார முன்னோட்டம் எல்லாம் போனால் ஒரு எபிசோடில் கதைக்குக் கிடைப்பது சுமார் 22 நிமிடம். 572 நிமிடத்தை 83ஆல் வகுத்தால் அத்தியாயத்துக்கு ஏழு நிமிடம்கூடத் தேறாது.

அதே ஆசிரியரின் 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' நாவலை 1979இல் நிப்பான் அனிமேஷனுக்காக இசாவோ தகாஹாதா இயக்கியபோது 38 அத்தியாயத்துக்கு 50 எபிசோடு கொடுத்தார்கள். அத்தியாயத்துக்கு 29 நிமிடம். ஆன் என்ற அனாதைச் சிறுமியை வீட்டில் வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்ற முடிவுக்கு வரவே அங்கே ஆறு எபிசோடு ஆகிறது. 2010இல் அந்த ஆறையும் சேர்த்துத் தனித் திரைப்படமாகவே வெளியிட்டார்கள்.

எமிலிக்கு அதைவிட அதிக நேரம் வேண்டும் என்பேன். ஆன் வாயாடி. அவள் மனசில் இருப்பதெல்லாம் வசனமாக வந்துவிடும், கேமரா சும்மா நின்றாலே போதும். எமிலி தன் மனசைத் தாளில்தான் கொட்டுகிறாள். அதைப் படமாக்க இடம் வேண்டும். 26 எபிசோடையும் முதல் நாவலுக்கே கொடுத்திருக்க வேண்டும்.

நெடுவாசிப்பு:
முதல் நாவலோடு நிறுத்தினால் அது எழுத்தாளரின் கதை ஆகாது. எழுத ஆசைப்பட்ட ஒரு சிறுமியின் கதையாக நின்றுவிடும்.

ஐந்தாம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா டக்ளஸ் ஸ்டார் காசநோயில் இறந்து, மரே குடும்பத்து உறவுகள் எல்லாம் கூடியிருக்கிறார்கள். எமிலி எழுதிவைத்திருந்த பழைய கணக்கு நோட்டைப் படித்தே தீருவேன் என்கிறார் எலிசபெத் சித்தி. எமிலி அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டுவிடுகிறாள். பத்து வயதில் முதல் எரிப்பு. மூன்றாவது நாவலில் இரண்டாவது எரிப்பு: 'எ செல்லர் ஆஃப் டிரீம்ஸ்' கைப்பிரதியை, அவள் பெரிதும் மதிக்கும் டீன் பிரீஸ்ட் அற்பம் என்று தள்ளிவிடுகிறார், அவளே அதை நெருப்பில் போடுகிறாள். முதல் தடவை தன் எழுத்தை அடுத்தவர் கண்ணிலிருந்து காப்பாற்றக் கொளுத்துகிறாள். இரண்டாவது தடவை அடுத்தவர் கண்ணால் தன் எழுத்தைப் பார்த்துவிட்டுக் கொளுத்துகிறாள். முதல் நெருப்பை வைத்துவிட்டு இரண்டாவதை வெட்டினால், முதலாவது வெறும் பிடிவாதமாகத்தான் தெரியும்.

எழுத்து வேலை நடப்பதும் இரண்டாவது, மூன்றாவது நாவல்களில்தான். ஷ்ரூஸ்பரி பள்ளிக்கு அனுப்ப வேண்டுமானால் மூன்று வருஷம் கற்பனைக் கதை எழுதக் கூடாது என்ற நிபந்தனை, பத்திரிகைகளிலிருந்து திரும்பி வரும் உறைகள், நியூயார்க் போய் எழுத்துத் தொழில் செய்ய வந்த அழைப்பை மறுப்பது. இதெல்லாம் இல்லாமல் எழுத்தாளர் எங்கே வருகிறார்?

வரப்பு:
ரெண்டு பேரும் சராசரி போட்டுட்டு சண்டை போடறீங்க. அத்தியாயம் எல்லாம் ஒரே எடை இல்லையே. முதல் நாவல்ல 17ஆம் அத்தியாயமும் 20ஆம் அத்தியாயமும் முழுக்கக் கடிதம். இறந்துபோன அப்பாவுக்கு எமிலி எழுதறது. அதுல ஊர்வம்பு, சமையல், பூனை, பாட்டு கிளாஸ் எல்லாம் கலந்து கிடக்கும். அதை ஏழு நிமிஷத்துல முடிச்சா ஒண்ணும் குறையாது.

ஆனா 13ஆம் அத்தியாயத்துல கை வைக்க முடியாது. லாஃப்டி ஜான் வீட்டு ஆப்பிளை எமிலி தின்னுடறா. எலிக்கு வச்ச விஷ ஆப்பிள் அதுன்னு அந்த ஆளு விளையாட்டா சொல்லிடறான். சாகப் போறோம்னு நம்பி இவ பிரிவுக் கடிதம் எழுதறா. விஷயம் தெரிஞ்சு எலிசபெத் போய் ஜானைத் திட்ட, அவன் கோபத்துல நியூ மூன் தோட்டத்துக்கு வடக்குக் காத்தைத் தடுக்கற காட்டையே வெட்டறேன்னு கிளம்பறான். அதைத் தடுக்கத்தான் 18ஆம் அத்தியாயத்துல எமிலி கத்தோலிக்கப் பாதிரியார் காசிடியைப் பார்க்கப் போறா. குடும்பத்துக்கு வெளியே இவ எழுதற காவியத்தைப் பத்தி ஆர்வமா விசாரிக்கற பெரியவர் அவர். ஆப்பிளை வெட்டினா காடு போகும், காடு போனா பாதிரியார் போவார், அவரோட இவளுக்குக் கிடைச்ச முதல் நல்ல வாசகரும் போவார்.

சட்டகம்24:
தொழில் பக்கத்திலிருந்து கொஞ்சம். "எழுத்தைப் படமாக்க நேரம் வேண்டும்" என்று மைக்கூடு சொல்வது பாதி உண்மை. நேரத்தைவிட ஆள் வேலைதான் அதிகம் வேண்டும்.

டிவி அனிமேயில் 22 நிமிடத்துக்குச் சுமார் 300 கட் (வெட்டில்லாமல் ஓடும் காட்சித் துண்டு) வரும், சராசரி நாலைந்து விநாடி. விநாடிக்கு 24 பிரேம் ஓடும், ஓவியம் பொதுவாக மூன்று பிரேமுக்கு ஒன்று மாறும், அதாவது விநாடிக்கு எட்டு. ஒரு கை மூன்று விநாடி எழுதுவதைக் காட்ட 24 ஓவியம். இது பரவாயில்லை. தொல்லை மையில்தான். பேனா முனை நகரும் இடமும் எழுத்துக் கோடு வளரும் இடமும் ஒவ்வொரு ஓவியத்திலும் பொருந்த வேண்டும். மயிரிழை விலகினால்கூடப் பேனா தாளின் மேல் வழுக்குவது போலவும், எழுத்து தானாக முளைப்பது போலவும் தெரியும். ஒளி ஊடுருவும் செல் தாளில் கையால் வரைந்த காலத்தில் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு: முழு வரியையும் எழுதிவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி அழித்தபடி பின்னோக்கிப் படம் பிடிப்பார்கள். இப்போது கம்ப்யூட்டரில் மறைப்பை விலக்குகிறார்கள். எந்த வழியானாலும் கை ஓவியத்தோடு ஒட்ட வைக்கும் வேலை மிச்சம்.

இன்னொரு அடிக்கடி நடக்கும் தவறு: தொட்டு எழுதும் பேனா சில சொற்களுக்கு ஒருமுறை மைக்குத் திரும்ப வேண்டும். அதை வரைய மறந்தால் பால்பாயிண்ட் பேனா மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்துப் பண்ணை வீட்டு மாடியில் அது உறுத்தும்.

அதனால் இயக்குநர்கள் கையைக் காட்டாமல் குரலை ஓட்டுகிறார்கள். ஜன்னல், மரம், பூனை, மேலே கடிதத்தின் குரல். மலிவான வழிதான். ஆனால் ஒரு நிமிடத்தைத் தாண்டினால் பார்ப்பவர் கண் வேறெங்கோ போய்விடும். கடிதங்களில் இருக்கும் எழுத்துப் பிழைகளின் சிரிப்பும் குரலில் காணாமல் போகும்.

மைக்கூடு:
நீங்கள் சொன்னதே என் பக்கம்தான் வாதாடுகிறது. குரலை மட்டும் ஓட்டினால் எமிலி கடிதம் எழுதும் *பொருள்* மறைந்துவிடுகிறது. அவள் எழுதுவது பழைய அஞ்சலகப் படிவங்களின் வெற்றுப் பின்புறத்தில். வீட்டில் வெள்ளைத் தாள் வாங்கித் தரமாட்டார்கள், லாரா சித்தி எடுத்துக் கொடுத்த கட்டு அது. எழுதியதைப் பரணில் ஒரு பழைய சோபாவுக்கு அடியில் இருக்கும் பலகையில் ஒளித்துவைக்கிறாள். மாண்ட்கோமரியும் இப்படித்தான் எழுதினார். கேவண்டிஷில் அவர் தாத்தா பாட்டி வீட்டிலேயே அஞ்சலகம் இருந்தது. படிவம் கிடைத்தது, கைப்பிரதி போவதும் திரும்பி வருவதும் ஊர் கண்ணில் படாமலும் இருந்தது. படிவம், சோபா, பலகை மூன்றையும் முன்னாலேயே இரண்டு மூன்று தடவை பதியவைக்காவிட்டால் 29ஆம் அத்தியாயம் எடுபடாது.

அந்த அத்தியாயத்தில் எலிசபெத் பரணுக்குப் போகிறார், கட்டைக் கண்டெடுக்கிறார், தன்னைப் பற்றி எழுதியிருப்பதையெல்லாம் படித்துவிடுகிறார். எமிலி கொதித்து எழுகிறாள். கடைசியில் எலிசபெத்தான் மன்னிப்புக் கேட்கிறார். ஒரு மரே, அதுவும் ஒரு சிறுமியிடம். அதற்குப் பிறகு அப்பாவுக்குக் கடிதம் எழுதும் பழக்கமே நின்றுவிடுகிறது. அதைவிட முக்கியமான ஒன்று: சித்தியைப் பற்றிக் கடுமையாக எழுதிய இடங்களுக்கு எமிலி விளக்கக் குறிப்பு சேர்க்கிறாள். தன் பிரதியைத் தானே திருத்துகிற முதல் இடம் அது. இதற்கு ஒரு முழு எபிசோடும், அதற்கு முன் தயாரிப்பாக ஐந்தாறு எபிசோடில் சிறுசிறு காட்சிகளும் வேண்டும். ஏழு நிமிடக் கணக்கில் இதெல்லாம் எங்கே போகும்?

நெடுவாசிப்பு:
ஐந்தாறு எபிசோடில் சிறு காட்சிகள்தானே, அதற்கு 26 முழுசாக எதற்கு? என் கணக்கு இது. முதல் நாவலுக்கு 11, இரண்டாவதற்கு 8, மூன்றாவதற்கு 7.

முதல் 11இல் மேவுட் வீடு, அப்பா சாவு, எமிலியை யார் வளர்ப்பது என்று உறவினர் போடும் சீட்டுக் குலுக்கல் இரண்டு எபிசோடு. எலிசபெத் தலைமுடியை வெட்ட வரும் இடமும் மிஸ் பிரவுனல் வகுப்பில் எமிலியின் கவிதையைக் கேலியாக உரக்கப் படிக்கும் இடமும் ஒன்றில். இரண்டிலும் ஒரே பிடிவாதம்தான், அடுத்தடுத்து வந்தால் வலுக் கூடும். நண்பர்கள் இல்ஸ், டெடி, பெர்ரி அறிமுகம் இரண்டில். ஆப்பிள், காடு, பாதிரியார் வரப்பு சொன்னதுபோல் இரண்டு. நான்சி பாட்டியின் வைதர் கிரேஞ்ச் வீடு, டீன் எமிலியைக் காப்பாற்றும் கடற்கரைச் சரிவு ஒன்று. பரண் ஒன்று. தட்டம்மைக் காய்ச்சலில் இல்ஸின் அம்மா கிணற்றில் விழுந்ததை எமிலி காண்பது ஒன்று. கார்ப்பெண்டர் வாத்தியார் ஒன்று.

இரண்டாவது நாவலின் 8இல் பாதி, ஷ்ரூஸ்பரியில் அவள் தங்கிப் படிக்கும் ரூத் சித்தி வீட்டுச் சண்டைகள். அதில் நிறைய வெட்டலாம். காணாமல் போன சிறுவன் ஆலனைத் தேடும் இரவும், மறுநாள் கிழவி சொல்லும் கதையும் வெட்டக் கூடாது. அந்தக் கிழவி சொன்னதை அப்படியே எழுதித்தான் 'தி வுமன் ஹூ ஸ்பாங்க்ட் தி கிங்' பிறக்கிறது. கற்பனை தடைப்பட்ட மூன்று வருஷம் காது கொடுத்துக் கேட்கக் கற்றுக்கொடுத்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

மூன்றாவது நாவலின் 7இல் சட்டகம்24 சொன்ன தொல்லையே இல்லாத ஒரு காட்சி இருக்கிறது. எலிசபெத்துக்குக் கால் முறிந்து படுத்திருக்கும்போது எமிலி தினம் ஒரு அத்தியாயமாக எழுதிப் படித்துக் காட்டுகிறாள். கதை என்றாலே முகம் சுளித்தவர் அடுத்தது என்ன என்று கேட்கிறார். கையைக் காட்ட வேண்டாம், மை வேண்டாம், இரண்டு முகம் போதும். அதுதான் 'தி மாரல் ஆஃப் தி ரோஸ்'. பதிப்பாளர்கள் திருப்பியதும் எமிலி ஓரம் கட்டிவிடுகிறாள். நியூ மூனில் கூட வாழும் உறவினர் ஜிம்மி யாருக்கும் சொல்லாமல் இன்னொரு பதிப்பகத்துக்கு அனுப்பி வெளிவரச் செய்கிறார். நீங்கள் முதல் நாவலோடு நிறுத்தினால் இந்தக் காட்சியே இல்லை.

வரப்பு:
பட்டியல் நல்லா இருக்கு. ஆனா 'ஃபிளாஷ்' எங்கே? எமிலிக்கு எப்பவாவது ஒரு நொடி திரை விலகி அப்பால் ஏதோ தெரியற மாதிரி வருமே, அது. அதைக் காட்டறேன்னு ஒவ்வொரு தடவையும் ஒளியும் இதழும் பறக்க விட்டா மூணாவது எபிசோடுலயே செத்துப்போகும்.

சட்டகம்24:
சரியான பயம். 1979 ஆன் தொடரில் முதல் எபிசோடு வண்டிப் பயணத்தில் பூத்த ஆப்பிள் மரப் பாதை வரும்போது தகாஹாதா கற்பனைக் காட்சியாகவே விரித்தார். அது எடுபட்டதற்குக் காரணம், பக்கத்தில் உட்கார்ந்து அவளை வீட்டுக்கு அழைத்துப்போகும் மேத்யூவுக்கு அது வெறும் மரம். பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் கிடைத்தது. பின்னால் வரும் எபிசோடுகளிலும் ஆனின் உற்சாகத்தையும் அவளை வளர்க்கும் மரில்லாவின் சலிப்பையும் சம தூரத்தில் வைத்திருப்பார். எமிலியின் ஃபிளாஷுக்கு அப்படிப் பக்கத்தில் ஆள் கிடையாது, பெரும்பாலும் தனியாக இருக்கும்போதுதான் வரும். நாவலிலும் திரை முழுசாக விலகுவதில்லை, அசைவதோடு சரி. என்னிடம் கேட்டால் எதையும் வரையக் கூடாது. சுற்றியிருக்கும் ஓசைகளை ஒரு விநாடி அறுத்துவிட்டு முகத்தை மட்டும் பிடிக்க வேண்டும். 26 எபிசோடில் நாலு தடவைக்கு மேல் வேண்டாம்.

நெடுவாசிப்பு சொன்ன முடி வெட்டும் காட்சியில் ஒரு பொறி இருக்கிறது. எலிசபெத் கத்தரிக்கோலோடு வரும்போது எமிலியின் முகத்தில் செத்துப்போன தாத்தா ஆர்ச்சிபால்ட் மரேயின் பார்வை வந்து உட்காரும். எலிசபெத் மிரண்டு ஓடுவது அதைக் கண்டுதான். பத்து வயதுச் சிறுமி முகத்தில் கிழவரைக் கொண்டுவர வேண்டும். பெரிய கண், சின்ன மூக்கு என்ற வழக்கமான அச்சில் வார்த்த முகம் அதற்கு மடியாது. புருவம், மேலிமை, வாய்க்கோடு மூன்றுக்கும் மாதிரித் தாளில் (பாத்திரத்தை எப்படி வரைய வேண்டும் என்று ஓவியர்களுக்குக் காட்டும் தாள்) தனி வரைவு வேண்டும். தாத்தாவின் உருவப்படம் ஒன்றைச் சுவரில் முன்கூட்டியே மாட்டிவைத்தால் பாதி வேலை முடிந்தது.

மூன்று நாவலையும் எடுப்பதில் உள்ள நிஜமான செலவும் இதுதான். பத்து வயது, பதினாலு, இருபதுக்கு மேல் என்று மூன்று மாதிரித் தாள், எல்லாப் பாத்திரத்துக்கும். ஆனுக்கு யோஷிஃபுமி கோண்டோ வரைந்த முகம் நல்ல பாடம். அகன்ற நெற்றி, ஒட்டிய கன்னம், துருத்திய கண். முதலில் அழகாகவே இருக்காது. அளவுகள் மாற மாற அந்த எலும்பிலிருந்தே பதினாறு வயது ஆன் வெளியே வருவாள். ஆனால் அவருக்கு 50 எபிசோடு இருந்தது, வளர்ச்சி கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது. 11க்கும் 12க்கும் நடுவே திடீரென்று வளர்ந்தால் பார்ப்பவர் ஆளையே மாற்றிவிட்டார்கள் என்று நினைப்பார்.

மைக்கூடு:
அதே கதைதான் 2025இல் என்.எச்.கே.யில் வந்த 'ஆன் ஷர்லி'யிலும். மூன்று ஆன் நாவல், 109 அத்தியாயம், 24 எபிசோடு. அத்தியாயத்துக்கு ஐந்து நிமிடம் தேறாது. பாத்திரங்கள் வளர்வதைவிட நாட்காட்டி கிழிவதுதான் கண்ணில் படுகிறது.

நெடுவாசிப்பு:
இருக்கலாம். ஆனால் 'ஆன் ஆஃப் தி ஐலண்ட்' உள்ளே வந்ததற்கு அந்தச் சுருக்கம்தானே காரணம்? ஆன் உருகி எழுதிய கதையில் டயானா பேக்கிங் பவுடர் விளம்பரத்தைச் செருகி, போட்டிக்கு அனுப்பி 25 டாலர் பரிசு வாங்கும் இடம் அந்த நாவலில்தான் இருக்கிறது. எழுதுபவளுக்கு நேரும் அவமானத்தை அவ்வளவு வேடிக்கையாகச் சொன்ன இடம் முதல் ஆன் நாவலில் கிடையாது. 50 எபிசோடு எடுத்த தகாஹாதா அந்தப் பக்கமே போகவில்லை.

வரப்பு:
யாரும் தொடாத ஒண்ணைக் கேக்கறேன். டீன் பிரீஸ்ட்டை என்ன பண்ணுவீங்க? அப்பாவோட பழைய நண்பர், முப்பது தாண்டின ஆளு. சரிவுலேருந்து பன்னிரண்டு பதிமூணு வயசுப் பொண்ணைக் காப்பாத்திட்டு, இனி உன் உயிர் என்னுடையதுன்னு சொல்றார். அப்புறம் வருஷக்கணக்கா காத்திருக்கார். குழந்தைங்க பார்க்கற கல்வி சேனல்ல இதை எப்படிக் காட்டறது? நல்ல மாமாவா ஆக்கினா பின்னாடி அவர் சொல்ற பொய் ஒட்டாது.

நெடுவாசிப்பு:
வயதையும் வசனத்தையும் தணிக்கலாம், ஆளை எடுக்கக் கூடாது. முதல் சந்திப்பில் "உன் உயிர் என்னுடையது" தேவையில்லை. அவர் புத்தகம் கொடுப்பவர், உலகம் சுற்றியவர், எமிலி சொல்வதைக் கவனித்துக் கேட்பவர். அதை மட்டும் நிறுத்தி நிதானமாகக் காட்டினால், மூன்றாவது நாவலில் அவர் "அழகான சிறுபிள்ளை விளையாட்டு" என்ற தொனியில் அவள் நாவலைத் தள்ளும்போது ஏன் அவள் அப்படியே நம்புகிறாள் என்பது புரியும். நன்றாக எழுதியிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும், அவளை எழுத்துக்கு விட்டுக்கொடுக்க மனமில்லாமல் பொய் சொல்கிறார். நிச்சயதார்த்தம் வரை போக வேண்டிய அவசியமில்லை.

மைக்கூடு:
அப்படித் தணித்தால் பொய்க்குக் காரணம் பொறாமை என்பது எங்கிருந்து தெரியும்? நாவலில் எழுத்தின் மேல் அவருக்குள்ள பொறாமை, அவளைத் தனக்கே வைத்துக்கொள்ளும் ஆசையிலிருந்து பிறக்கிறது. ஆசையை எடுத்துவிட்டால் வாசிக்கத் தெரியாத விமர்சகர் ஒருவர்தான் மிஞ்சுகிறார். தவறான ஒரு கருத்தைக் கேட்டு எமிலி கைப்பிரதியைக் கொளுத்துவாள் என்றால், வகுப்பறையில் பிரவுனலுக்கு முன்னால் நிமிர்ந்து நின்ற பெண் எங்கே போனாள்?

முதல் நாவலில் இந்தச் சிக்கல் வராது. அது கார்ப்பெண்டர் வாத்தியாரோடு முடிகிறது. எமிலி கொடுக்க நினைத்த நோட்டு வேறு. தவறிப்போய், அவர் குடித்துவிட்டு இருப்பதை வருணித்த நோட்டு அவர் கையில் போகிறது. கவிதைக் குவியலில் பத்து நல்ல வரி கண்டுபிடித்துச் சொல்பவர், இந்த உரைநடையைப் படித்துவிட்டுத்தான் மேலே போ என்கிறார். உண்மையைப் பார்த்து எழுது என்பதை, தானே அந்த உண்மையாக அகப்பட்ட ஆள் சொல்கிறார். 22 நிமிடத்துக்கு அளவெடுத்தது போன்ற காட்சி. குழந்தைகள் நேரத்தில் காட்ட வாத்தியாரின் குடியை லேசாகத் தொட்டால் போதும்.

சட்டகம்24:
கடைசிக் காட்சியும் நாவலிலேயே தயார். புது நோட்டைத் திறந்து, தான் இறந்த பிறகு வெளியாக நாட்குறிப்பு எழுதப்போவதாக முதல் வரி எழுதுகிறாள். ஒரே வரி. தொடர் முழுக்க ஒரே ஒரு தடவை கையையும் மையையும் சேர்த்து வரைய ஆள் ஒதுக்குவதானால் இங்கே ஒதுக்கச் சொல்வேன். மற்ற இடங்களில் குரல் போதும்.

நெடுவாசிப்பு:
முடிவு நல்ல முடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் 31 அத்தியாயத்தை 26 எபிசோடாக இழுத்தால் நடுவில் தொய்யும். 17, 20, 22, 23 நான்கும் அத்தியாயமாகப் படிக்க இனிமை, எபிசோடாக நிற்காது. வைதர் கிரேஞ்சில் சுவருக்குள் கேட்கும் சத்தம் ஒரு இரவுச் சமாசாரம், அதை வைத்து 22 நிமிடம் ஓட்டுவீர்களா? 18 எபிசோடுக்கு மேல் முதல் நாவலில் சரக்கு இல்லை. மிச்சம் எட்டை என்ன செய்வீர்கள்?

மைக்கூடு:
18 என்று ஒப்புக்கொண்டால் மிச்சம் எட்டும் இரண்டாவது நாவலுக்குப் போகட்டும். ஷ்ரூஸ்பரி, மூன்று வருஷத் தடை, கிழவியின் கதை, நியூயார்க் மறுப்பு. அதோடு நிறுத்தினால் டீனின் பொய்யும் வேண்டாம், இருபது வயது மாதிரித் தாளும் வேண்டாம். நீங்கள் இழப்பது இரண்டாவது நெருப்பும் எலிசபெத்துக்குப் படித்துக் காட்டுவதும்தான். நெருப்பு இல்லாமல் படித்துக் காட்டும் காட்சிக்கு அர்த்தமில்லை, டீன் இல்லாமல் நெருப்புக்கு அர்த்தமில்லை. கல்வி சேனலில் காட்டக்கூடிய ஒரு டீனை வைத்து அந்த எரிப்புக் காட்சியை ஒரு பக்கம் எழுதிப் போடுங்கள். அது நின்றால் உங்கள் 11, 8, 7க்கு நான் கையெழுத்துப் போடுகிறேன்.